ராஜாவுக்கு எத்தனை லெவல் குடுக்கணும்? டிஎம்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

டி அண்ட் டி-க்கு (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டைஸ் உருட்டிக் கதை சொல்லி ஆடற விளையாட்டு) மேப் போட்டாச்சு, ஊருக்கெல்லாம் பேரு வச்சாச்சு, வில்லனும் ரெடி. அப்புறம் ராஜான்னு ஒருத்தர் வர்றார், அவர் பேருக்கு நேரா கிளாஸ் (வீரனா, பூசாரியா, மந்திரவாதியாங்கற வகை), லெவல்னு ரெண்டு காலி கட்டம். இங்க வந்து நிறைய டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்தறவர்) ரெண்டுல ஒண்ணு பண்றாங்க. ராஜான்னா பெரிய ஆளுதானே, போடு ஃபைட்டர் 18னு போட்டுடறாங்க. இல்லன்னா, அவரு என்ன சண்டையா போடப்போறார்னு 5வது எடிஷன் விதிப் புத்தகத்துல இருக்கற நோபிள் (பிரபு) ஸ்டாட் பிளாக்கை (ரெடிமேடா நம்பர் போட்டு வச்ச குறிப்பு) அப்படியே ஒட்டிடறாங்க. முதல் ராஜா இருக்கற நாட்டுல பார்ட்டிக்கு (பிளேயர்களோட ஹீரோ கூட்டம்) வேலையே கிடையாது, டிராகன் வந்தா அவரே போய் முடிச்சுட்டு வந்துடுவார். ரெண்டாவது ராஜாவுக்கு மொத்தம் 9 ஹெச்பி (சாகறதுக்கு முன்னாடி தாங்கற அடி), மூணாவது செஷன்ல உங்க பார்ட்டி ரோக் கடுப்பாகி ஒரு அம்பு விட்டா கதை அங்கயே முடிஞ்சுது.

ரெண்டுலயும் தப்பு ஒண்ணுதான், லெவலைப் பதவின்னு நினைச்சுக்கறது. அந்த ஆளு தன் கையால என்னென்ன பண்ணி, எதுல இருந்தெல்லாம் பிழைச்சு வந்தார்ங்கற கணக்குதான் லெவல். நாட்டோட பலம் படையில, கஜானாவுல, கோயில்ல, யாரு வீட்டுல பொண்ணு எடுத்தார்ங்கறதுல இருக்கு, அதெல்லாம் கேரக்டர் ஷீட்ல ஏறாது. அதனால முதல்ல இவரை சிம்மாசனத்துல உக்கார வச்சிருக்கறது யாருன்னு முடிவு பண்ணுங்க, அதுக்கப்புறம் லெவலைத் தொடுங்க. கீழ வர்ற எல்லாமே இந்த வரிசையில தான் போகுது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய காரணமும் இருக்கு. 1974-ல வந்த முதல் டி அண்ட் டி-யில இருந்தே ஃபைட்டர் 9வது லெவல் வந்தா லார்ட், கோட்டை கட்டிக்கலாம், சுத்தி இருக்கற நிலத்துக்கு வரி வாங்கிக்கலாம். அதாவது ஆட்சிங்கறது சாகசம் பண்ணவனுக்குக் கிடைக்கற பரிசு, அதனால ஆளறவன் எல்லாம் 9க்கு மேலதான் இருப்பான்னு ஒரு நினைப்பு ஊறிப்போச்சு. 2000-ல வந்த 3வது எடிஷன் தான் அரிஸ்டோகிராட், எக்ஸ்பர்ட், வாரியர், அடெப்ட், காமனர்னு அஞ்சு என்பிசி (டிஎம் நடத்தற பாத்திரம்) கிளாஸ் குடுத்து, அரண்மனையிலயே பொறந்து வளந்தவனுக்கும் ஷீட்ல ஒரு இடம் வச்சுது. நீங்க எந்த எடிஷன் ஆடினாலும் இந்த ரெண்டு பார்வையில உங்க உலகம் எதுன்னு தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது.

படி 1: டேபிள்ல இவருக்கு என்ன வேலை

குவெஸ்ட் குடுத்துட்டுப் போற ராஜாவா, பார்ட்டி கூடப் போருக்கு வர்றவரா, கடைசியில எதிர்த்து நிக்கப்போறவரா, இல்ல மூணாவது செஷன்ல கொலையாகப் போறவரா? முதல் வகைன்னா முழு ஷீட் எழுதறது வெட்டி வேலை. ஹெச்பி, ஏசி (அடிக்கறது எவ்வளவு கஷ்டம்), விஸ்டம் சேவ் (மனசைப் பிடிக்கற மந்திரத்தை எதிர்க்கறது), இன்சைட் (ஆளை எடை போடறது), பெர்சுவேஷன் (பேசிச் சம்மதிக்க வைக்கறது), இந்த அஞ்சு நம்பர் ஒரு துண்டு பேப்பர்ல இருந்தா ஒரு வருஷ கேம்பெய்ன் (தொடர்கதையா போற ஆட்டம்) ஓடிடும். எதிரின்னா மட்டும் பார்ட்டி லெவலைப் பார்த்து எழுதணும். ஆனா அப்பவும் மொத்த பலத்தையும் ராஜா ஒருத்தர் மேலயே ஏத்தணும்னு அவசியமில்ல, அவரைச் சுத்தி நிக்கற நாலு பேர் மேல பிரிச்சுப் போட்டா சண்டையும் சுவாரசியமா இருக்கும்.

படி 2: உலகத்துக்கு ஒரு உச்சவரம்பு

உங்க உலகத்துல உயிரோட இருக்கற மனுஷங்கள்ல பெரிய லெவல் எவ்வளவு, அந்த மாதிரி எத்தனை பேரு இருக்காங்க? இதை எழுதி வைக்காம ராஜா லெவலை எழுதினா பின்னாடி எல்லாமே இடிக்கும். 5வது எடிஷன் புத்தகமே ஒரு அளவுகோல் குடுக்குது. 1ல இருந்து 4 வரை ஒரு ஊரு அளவு ஹீரோ, 5ல இருந்து 10 வரை நாட்டளவு, 11ல இருந்து 16 வரை பெரிய பெரிய பகுதிகளோட தலையெழுத்தையே மாத்தறவங்க, 17க்கு மேல உலக அளவு. இதை வச்சுக்கிட்டு நாட்டை ஆள்றவர் 5ல இருந்து 10னு போட்டுடாதீங்க, அந்த அளவுகோல் செய்கைக்கு, நாற்காலிக்கு இல்ல.

3.5-ல (3வது எடிஷனோட திருத்தின பதிப்பு) ஊர் அளவை வச்சு பெரிய லெவல் கண்டுபிடிக்க ஒரு டேபிளே இருக்கு. 25,000 பேருக்கு மேல இருக்கற மெட்ரோபொலிஸ்ல பெரிய அரிஸ்டோகிராட் 1டி4 (நாலு பக்க டைஸ் ஒண்ணு) கூட்டல் 12, அதாவது 13ல இருந்து 16க்குள்ள. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதே டேபிள்ல பெரிய காமனர் 4டி4 கூட்டல் 12, குறைஞ்சபட்சமே 16 வந்துடுது. டேபிளை அப்படியே நம்பினா ராஜா எவ்வளவு நல்லா உருட்டினாலும் அந்த ஊரோட பெரிய குடியானவன் அவருக்குச் சமமா, இல்ல மேலயே தான் நிப்பான். அதனால அந்த டேபிளை ஐடியாவுக்கு வச்சுக்கங்க, தீர்ப்பா எடுத்துக்காதீங்க.

உச்சவரம்புல நான் முதல்ல பாக்கறது 5வது லெவல் ஸ்பெல் (மந்திரம்) யார் கையில இருக்குங்கறதைத் தான். 9வது லெவல் கிளெரிக் (பூசாரி கிளாஸ்) ஒருத்தர் தலைநகர்ல இருந்தா செத்தவனை எழுப்பற ரெய்ஸ் டெட் இருக்குன்னு அர்த்தம், அப்போ ராஜா கொலைங்கற பிளாட்டே ஆட்டம் கண்டுடும். 5வது எடிஷன்ல 500 பொற்காசு வைரம் ஒண்ணும் 10 நாளைக்குள்ள உடம்பும் கிடைச்சா போதும், ராஜா எழுந்து உக்காந்துடுவார். ஒரு நாட்டுக்கு 500 பொற்காசு ஒரு காசா? இதை அடைக்க மூணு வழி: அந்த லெவல் கிளெரிக் நாட்டுலயே இல்ல, இல்லன்னா கொலைகாரன் தலையைக் கொண்டுபோயிட்டான் (தலை இல்லாத உடம்புல அந்த ஸ்பெல் வேலை செய்யாது), இல்லன்னா செத்துப் பிழைச்சவனுக்குச் சிம்மாசன உரிமை கிடையாதுன்னு அந்த நாட்டுச் சட்டம். எனக்கு மூணாவது தான் பிடிக்கும், ஏன்னா எந்த லெவலையும் தொடாம ஒரு முழு கேம்பெய்னுக்கான வாரிசுச் சண்டை அதுல இருந்தே கிளம்பிடும்.

படி 3: சிம்மாசனம் எப்படிக் கிடைச்சுது

இங்கதான் கிளாஸ் முடிவாகுது. அப்பன் செத்து மகன் வந்தான்னா அரிஸ்டோகிராட், 5வது எடிஷன்ல நோபிள். வெட்டிப் பிடிச்சவன்னா ஃபைட்டர், பார்பேரியன். கோயில் உக்கார வச்சதுன்னா கிளெரிக், சில நேரம் பாலடின் (சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட புனித வீரன்). வியாபாரிங்க கூடித் தேர்ந்தெடுத்த நகரத் தலைவர்னா எக்ஸ்பர்ட் அழகாப் பொருந்தும், லெவலுக்கு 6 ஸ்கில் பாயிண்ட், பிடிச்ச பத்து ஸ்கில்லை கிளாஸ் ஸ்கில்லா எடுத்துக்கலாம், கணக்கு வழக்கு, பேரம், ஆள் எடை போடறது எல்லாம் அதுல அடங்கிடும். அரிஸ்டோகிராட்டைக் கேவலமா நினைக்கறவங்க நிறைய பேரு, ஆனா டி8 ஹிட் டை (லெவலுக்கு ஹெச்பி உருட்டற டைஸ்), எல்லா கவசமும் மார்ஷல் ஆயுதமும் பழக்கம், நல்ல வில் சேவ் (3.5-ல மனசைப் பிடிக்கற மந்திரத்தை எதிர்க்கறது), லெவலுக்கு 4 ஸ்கில் பாயிண்ட், ஆள வந்தவனுக்கு வேற என்ன வேணும்?

பாலடினை மட்டும் கொஞ்சம் யோசிச்சுப் போடுங்க. நல்ல ராஜான்னா உடனே பாலடின்னு கை போயிடுது, ஆனா பழைய எடிஷன் பாலடினால பொய் சொல்ல முடியாது, அப்படிப்பட்டவர் பக்கத்து நாட்டுத் தூதர் கிட்ட எப்படிப் பேச்சுவார்த்தை நடத்துவார்? அதையே கதையா எடுத்துக்கிட்டா அருமை, கவனிக்காம விட்டா ஓட்டை.

கிளாஸுக்கும் ஆட்சிக்கும் நேரடி கனெக்ஷன் வச்ச செட்டிங்கும் (ரெடிமேட் கதை உலகம்) உண்டு. 1995-ல வந்த பர்த்ரைட்ல பிளேயர்களே அரசர்கள், எந்த கிளாஸ்ங்கறதைப் பொறுத்து எந்த வகை சொத்துல இருந்து ஆட்சி பலம் வரும்னு விதியே இருக்கு, ஃபைட்டருக்குச் சட்ட அதிகாரம், பிரீஸ்டுக்குக் கோயில், தீஃபுக்கு கில்டு, விசார்டுக்கு மந்திர ஊற்று. அந்த செட்டிங் ஆடாட்டியும் பரவால்ல, உங்க ராஜாவோட கிளாஸ் எந்தக் கூட்டத்தை அவர் பின்னாடி நிறுத்துதுன்னு யோசிக்க அது நல்ல பயிற்சி.

படி 4: வாழ்க்கையை லெவலா மாத்தறது

நான் பண்றது, அவரோட வாழ்க்கையை ஏழெட்டு வரியில எழுதி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல லெவல் போட்டுக்கிட்டே வர்றது. ஒரு ராணியை எடுத்துப்போம், 3.5 விதியில, வயசு 45.

ரெண்டாவது பொண்ணு, 8 வயசுல கோயிலுக்கு அனுப்பிட்டாங்க, 19 வரைக்கும் அங்கதான் வளந்தாங்க, கிளெரிக் 1. அடுத்த நாலு வருஷம் எல்லைப் போர்ல காயம்பட்டவங்களைப் பாத்துக்கற கூடாரத்துல, ரெண்டு தடவை அந்தக் கூடாரத்தையே எதிரி தாக்கினான், கிளெரிக் 3. அண்ணன் போர்ல செத்ததும் 24 வயசுல கூட்டிட்டு வந்து முடி வச்சாங்க, அரிஸ்டோகிராட் 1. முதல் வருஷமே சித்தப்பா பண்ண சதியைக் கண்டுபிடிச்சு அடக்கினாங்க, அரிஸ்டோகிராட் 2. அப்புறம் தலைநகரை எதிரி மூணு மாசம் முற்றுகை போட்டான், அரிஸ்டோகிராட் 3. இதையும் கிளெரிக் லெவலாப் போடத் தோணும், ஆனா அந்த மூணு மாசத்துல அவங்க பண்ண பெரிய வேலை மந்திரம் இல்ல, தானியத்தைப் பங்கு போட்டதும் ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கப் பாத்த ரெண்டு தளபதிங்களைச் சேத்துப் பிடிச்சு வச்சதும் தான். அதுக்கப்புறம் இருபது வருஷம் பெரிசா எதுவுமில்லாத ஆட்சி, மொத்தத்துக்கும் ஒரே ஒரு லெவல், அரிஸ்டோகிராட் 4. கூட்டினா 7.

இருபது வருஷத்துக்கு ஒரு லெவல் தானான்னு கேப்பீங்க. ஆமா. வருஷம் போறதுக்கு லெவல் குடுக்க ஆரம்பிச்சா ஊர்ல இருக்கற கிழவன் எல்லாம் 15 லெவல் ஆயிடுவான். வயசுக்கு ஏற்கனவே விதி இருக்கு, 3.5-ல மனுஷனுக்கு 35 தாண்டினா ஸ்ட்ரென்த், டெக்ஸ், கான் (பலம், சுறுசுறுப்பு, உடம்புத் தெம்பு) ஒண்ணு இறங்கும், இன்ட், விஸ்டம், கரிஸ்மா (அறிவு, விவேகம், வசீகரம்) ஒண்ணு ஏறும், அது போதும்.

இப்ப நம்பரைப் பாருங்க. பேஸ் அட்டாக் (அடிக்கும்போது டைஸ்ல கூட்டறது) +5, ஹெச்பி சராசரியா 42 (கான் 12 வச்சா), வில் சேவ் விஸ்டம் 15ஓட +9. டிடெக்ட் பாய்சன் கையில இருக்கு, தன் தட்டைத் தானே பாத்துக்கலாம். ஸோன் ஆஃப் ட்ரூத் இருக்கு, சபையில பொய் சொல்றவன் வாயைத் திறக்கவே யோசிப்பான். ஏழு லெவல்ல இவ்வளவு வருது, அதுலயும் அந்த மூணு கிளெரிக் லெவல் தான் ஆட்சியோட ருசியையே மாத்துது.

படி 5: இவரு ஏன் இன்னும் சாகல

வழிகாட்டியில முக்கியமான படி இதுதான். ராஜாவுக்கு வர்ற ஆபத்து எல்லாத்தையும் ஒரு தடவை அவர் மேல ஓட்டிப் பாருங்க. ஒரு எதிரி விசார்டு, லெவல் 9, இன்ட் 18, ஆளை வசப்படுத்தற டாமினேட் பர்சன் போடறான். 3.5-ல சேவ் டிசி (தப்பிக்கத் தொட வேண்டிய நம்பர்) 19. நம்ம ராணிக்கு +9, 20 பக்க டைஸ்ல 10 இல்ல அதுக்கு மேல விழணும், 55 சதவீதம். பாதிக்குக் கொஞ்சம் மேல அவ்வளவுதான். மாட்டினா 9 நாள் அவங்க அவன் சொல்றதைத் தான் செய்வாங்க. ஒரு நாடு இதை நம்பி ராத்திரி தூங்குமா? அப்போ அந்த வசியத்தைத் தடுக்கற ப்ரொடெக்ஷன் ஃப்ரம் ஈவில் போட ஆள் வேணும், சென்ஸ் மோட்டிவ் (ஆளை எடை போடற திறமை) நல்லா இருக்கற ஒரு பழைய வேலைக்காரி பக்கத்துலயே இருக்கணும், ராணி மாறிப்போயிட்டாங்கன்னு கண்டுபிடிக்க. ஆக ராணி லெவலை ஏத்தறதை விட சபையில ரெண்டு பேரைச் சேக்கறது தான் சரி.

5வது எடிஷன் ஆடறவங்க இங்க ஜாக்கிரதை. ப்ரொடெக்ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் அங்க அரக்கர், அண்டெட், ஃபே மாதிரி வகைகளுக்கு எதிரா மட்டும் தான், மனுஷ விசார்டை அது தடுக்காது. அதே சமயம் டாமினேட் பர்சன் 5வது லெவல் ஸ்லாட்ல ஒரே ஒரு நிமிஷம் தான் நிக்கும், அதனால ராஜாவைப் பொம்மையா ஆட்டறதுக்கு அது உதவாது. அங்க பயப்பட வேண்டியது கட்டளைக்குக் கட்டிப்போடற கீயாஸ், 30 நாள் நிக்கும், அப்புறம் ஞாபகத்தையே மாத்தற மாடிஃபை மெமரி. எந்த எடிஷனோ அந்த ஸ்பெல் லிஸ்ட்டைத் திறந்து வச்சுக்கிட்டு தான் இந்தப் படியைப் பண்ணணும், ஞாபகத்துல பண்ணா கோட்டை விட்டுடுவீங்க.

கத்திக்கும் அதே பரீட்சை. 2014 புத்தகத்துல அசாசின் (கூலிக் கொலைகாரன்) சிஆர் (எதிரி எவ்வளவு ஆபத்துங்கற அளவு) 8. ரெண்டு குத்து, ஒவ்வொண்ணும் சராசரி 6, சேவ் தப்பினா மேல 24 விஷம், அதுக்கு மேல ஒரு தடவை 4டி6 ஸ்நீக் அட்டாக் (அசந்த நேரம் பாத்து அடிக்கற கூடுதல் அடி). ரெண்டும் இறங்கி ரெண்டு சேவும் தப்பினா 70 தாண்டிடும். நோபிளோட 9 எங்க, நைட்டோட 52 எங்க, ரெண்டு பேருமே காலி. அப்ப ராஜாவுக்கு 80 ஹெச்பி குடுத்துடலாமான்னா, வேண்டாம், அசாசின் படுக்கையறை வரைக்கும் வர்றதையே கஷ்டமாக்குங்க. பார்ட்டியும் ஒருநாள் அதே வழியில தான் வரப்போகுது, அந்தக் காவல் ஏற்பாட்டை நீங்க எப்படியும் எழுதித்தான் ஆகணும்.

ஒரு சின்ன நாட்டுக்கு நான் வைக்கற சபை: ராஜாவை விட ரெண்டு மூணு லெவல் கூட இருக்கற ஒரு மெய்க்காப்பாளர், 5ல இருந்து 7 லெவல் வரைக்கும் ஒரு மந்திரவாதி, டிடெக்ட் மேஜிக், டிஸ்பெல் மேஜிக் தெரிஞ்சவரா, ஒரு கிளெரிக், அப்புறம் எந்த லெவலும் இல்லாத ஆனா எல்லார் முகமும் தெரிஞ்ச ஒரு வாசல் காவல்காரர். இதுல ஒருத்தர் விலை போனா என்ன ஆகும்ங்கறது தான் உங்க அடுத்த அட்வென்ச்சர்.

படி 6: பேச்சுல தோக்காத ராஜா

2014 நோபிளுக்கு பெர்சுவேஷன் +5, இன்சைட் +4. உங்க பார்ட்டியில இருக்கற 3வது லெவல் பார்டுக்கு (பாணன் கிளாஸ்) எக்ஸ்பர்டைஸோட (பயிற்சி போனஸ் ரெட்டிப்பாகறது) +7. ஆக முப்பது வருஷம் ஆண்டவரை நேத்து வந்த பையன் பேச்சுல மடக்கிடுவான். இதைச் சரி பண்ண லெவல் ஏத்த வேண்டாம். என்பிசி தானே, இன்சைட்டுக்கும் பெர்சுவேஷனுக்கும் ப்ரொஃபிஷியன்சியை (பயிற்சி போனஸ்) ரெட்டிப்பாக்குங்க, யாரும் வந்து கேக்க மாட்டாங்க. பாத்ஃபைண்டர்ங்கற இதே மாதிரி இன்னொரு விளையாட்டோட 2வது எடிஷன் இதை வெளிப்படையாவே ஒத்துக்கிச்சு, சண்டையில ஒண்ணுக்கும் ஆகாத வக்கீல் என்பிசி, வழக்குன்னு வந்தா அவரோட லெவல் பல படி மேல. ராஜாவையும் அப்படியே நடத்துங்க, கத்திக்கு ஒரு லெவல், சபைக்கு ஒரு லெவல். இன்னொண்ணு, எவ்வளவு உருட்டினாலும் பாதி நாட்டை எழுதிக்குடுன்னா குடுக்க மாட்டார், அதுக்கு டைஸையே எடுக்க விடாதீங்க.

படி 7: ரெண்டு ஓரத்துக் கேள்விங்க

லெவல் 15 ராஜாவே வச்சுக்கணும்னா பார்ட்டி கேக்கப்போற முதல் கேள்வி, நீங்களே ஏன் போகக்கூடாது? பதில் முன்னாடியே ரெடியா இருக்கணும். அவர் நகர்ந்தா அவருக்குச் சமமான எதிரியும் நகர்வான், இது நல்ல பதில். வாரிசு இல்ல, சபை விடாது, இதுவும் சரி. சாபம், பழைய காயம், அவர் உசுரு இந்த மண்ணோட கட்டுப்பட்டது, இதெல்லாம் ஒரு தடவைக்கு ஓடும். பிஸியா இருக்கார்ங்கறது மட்டும் பதிலே இல்ல, நாடே எரியும்போது என்ன பிஸி?

லெவல் 2 ராஜான்னா கேள்வி வேற, இவரை ஏன் மிரட்டி வேலை வாங்கக்கூடாது? அடிச்சுப்போடறது சுலபம், அடுத்த நாள் என்ன ஆகும்னு பிளேயருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும். படை, தலைக்கு விலை, ஊருக்குள்ள ரொட்டி கூட விக்க மாட்டாங்க, கோயில்ல குணப்படுத்த மாட்டாங்க. இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் எபெரான் செட்டிங்ல சில்வர் ஃப்ளேம் சர்ச்சோட தலைவி ஜேலா டாரன், 11 வயசுப் பொண்ணு, 3.5 கணக்குல வெளிய அவ கிளெரிக் 3 தான், சர்ச்சோட தலைமையிடமான ஃப்ளேம்கீப்புக்குள்ள இருந்தா கிளெரிக் 18. இடத்தோட லெவலைக் கட்டிட்டாங்க. உங்க ராஜாவுக்கும் சிம்மாசன அறைக்குள்ள ஒரு பலம், வெளிய வந்தா சாதாரண மனுஷன்னு வச்சா ரெண்டு கேள்வியும் ஒரே அடியில தீந்துடும்.

படி 8: மனுஷங்க இல்லாதவங்க

எல்ஃப் ராஜாவுக்கு 500 வயசு, அதனால 20 லெவல்னு போடற வேலை வேண்டாம், மேல சொன்ன ராணி கணக்குதான், வரி வரியா சம்பவம் எழுதுங்க, நிறைய எல்ஃபுக்கு 500 வருஷத்துல எழுதற மாதிரி அஞ்சு சம்பவம் தான் தேறும். லிச் (செத்தும் சாகாத மந்திரவாதி), வாம்பயர், டிராகன் ஆள்ற நாடுன்னா அங்க லெவலும் பதவியும் நிஜமாவே ஒண்ணு, பயம் தான் ஆட்சி, அதனால அங்க மட்டும் தாராளமா ஏத்துங்க. குழந்தை ராஜான்னா லெவலே போடாதீங்க, அவருக்குப் பதிலா ஆள்ற ரீஜன்டுக்குப் போடுங்க.

படி 9: எழுதி முடிக்கறது, அப்புறம் மாத்தறது

5வது எடிஷன்ல பிளேயர் கிளாஸ் போட்டு முழுசா கட்ட வேண்டாம், 2014 புத்தகத்துல பக்கத்துல வர்ற ஸ்டாட் பிளாக்கை எடுத்துத் திருத்துங்க. நம்ம ராணிக்கு பிரீஸ்ட் பிளாக் சரியா இருக்கும், ஏற்கனவே 5வது லெவல் கேஸ்டர் (மந்திரம் போடறவர்). ஹெச்பியை 27ல இருந்து 45க்கு ஏத்துங்க, விஸ்டம் சேவ் ப்ரொஃபிஷியன்சி குடுங்க, இன்சைட் சேருங்க, பெர்சுவேஷன் அதுல ஏற்கனவே இருக்கு, நோபிள்ல இருந்து பேரியை (வர்ற வெட்டைத் தட்டிவிடறது) எடுத்து ஒட்டுங்க. போர்க்கள ராஜான்னா நைட், அவருக்கு லீடர்ஷிப் இருக்கு, ஒரு நிமிஷத்துக்கு பக்கத்துல இருக்கறவங்க அட்டாக், சேவ்ல டி4 சேத்துக்கலாம், தலைவன்னு டேபிள்ல உணர வைக்கறதுக்கு 50 ஹெச்பி கூட்டறதை விட இது மேல்.

கேம்பெய்ன் நடக்க நடக்க பார்ட்டி லெவல் ஏறும், ராஜா லெவலையும் கூடவே ஏத்தாதீங்க. மூணாவது லெவல்ல அவர் முன்னாடி மண்டி போட்டவங்க பன்னெண்டாவது லெவல்ல வந்து நிக்கும்போது, இவங்க நினைச்சா தன்னை ஒரு ரவுண்டுல முடிச்சுடலாம்னு அவருக்கே தெரியும், சபையில எல்லாருக்கும் தெரியும். அவர் இப்ப பட்டம் குடுப்பாரா, நிலம் குடுத்துத் தூர அனுப்புவாரா, பொண்ணு குடுப்பாரா, இல்ல ராத்திரியில ஆள் அனுப்புவாரா? அஞ்சு நம்பர் எழுதின அந்தத் துண்டு பேப்பர்ல பின்பக்கம் இதுக்கான பதிலை எழுதி வச்சுடுங்க.